ஒழுகாத வண்டி

வண்டியில் எண்ணெய் ஒழுகவில்லை. புதன்கிழமை காலை பல் டாக்டர் வீட்டில் இருந்த ஒரே பிரச்சினை அதுதான்.

அவர் ஷெட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, பச்சை நிறக் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். தரை பளிச்சென்று இருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவினார். கை சுத்தமாக வெளியே வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வரும் கதவில் நின்றபடி மனைவி சொன்னாள்: "அப்பா சனிக்கிழமை வர்றாராம். அம்மாவும் கூட வர்றாங்க. வண்டி குடுத்த மாதிரியே இருந்தா அன்னிக்கே உங்க பேருக்கு மாத்திக் குடுத்துடறேன்னு சொன்னார்."

"குடுத்த மாதிரி இல்லன்னா?"

"சின்ன மாப்பிள்ளைக்கு."

சின்ன மாப்பிள்ளை என்றால் டாக்டரின் சகலை. டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த உறையில் தூசி படியாமல் இருக்க அதை டிராயருக்குள் வைத்துப் பூட்டுகிறவர். மாமனாரின் கார் எப்படியும் ஒருநாள் தன்னிடம் வரும் என்று வீட்டு முன்பக்கத்தில் கண்ணாடி அறை ஒன்று கட்டி வைத்திருந்தார். அதற்குள் போனால் அந்தக் கார் இந்த ஜென்மத்தில் சாலையைப் பார்க்காது.

கார், இங்கிலாந்துக்காரன் செய்தது. இரண்டே இரண்டு சீட்டு, மடக்கி வைக்கும் கூரை, நீண்ட மூக்கு. டாக்டரைவிட வயதில் மூத்தது. மாமனார் அதைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தார் என்று சொல்வார்கள். பெற்ற பெண்கள் இருவரும் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் போக அவர்களுக்கு பஸ்தான்.

மாமனார் பழைய கார்ச் சங்கத்தின் தலைவர். ஒரு திருகைக்கூட மாற்றக்கூடாது என்பது சங்கத்தின் கொள்கை. அதை வகுத்தவரும் அவரே. யாரோ ஓர் உறுப்பினர் தன் காரில் ரேடியோ பொருத்திவிட்டார் என்று தெரிந்தபோது மேடையிலேயே அவரைச் சங்கத்திலிருந்து நீக்கினார். நீக்கும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டர் அதை இன்னும் மறக்கவில்லை. இத்தனைக்கும் மாமனார் வாயில் ஒரிஜினல் பல் என்று ஒன்றுகூடக் கிடையாது. அத்தனையும் மாப்பிள்ளை கட்டிக் கொடுத்தவை. கொள்கை காருக்கு மட்டும்தான்.

அப்படிப்பட்டவர், போன வருஷம் திடீரென்று சாவியைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்தார். "பத்திரமா வெச்சிருங்க மாப்பிள்ளை. ஒண்ணும் மாத்திடாதீங்க" என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி வந்து சேர்ந்தபோது அதை ஸ்டார்ட் செய்யக் கெஞ்ச வேண்டியிருந்தது. கிளட்ச்சை மிதிக்க ஒரு ஆளின் பலம் போதாது. சிக்னலில் நின்றால் கொதித்தது. நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய் ஒழுகியது. அதைப் பற்றிக் கேட்டபோது மாமனார் சொன்ன பதில் சங்கத்தில் பிரசித்தம். "ஒழுகறது நோய் இல்ல மாப்பிள்ளை. அது குணம்."

சொத்தையைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது டாக்டரின் பழக்கத்தில் இல்லை. முதலில் ஒழுகலை மட்டும் நிறுத்தினார். பிறகு, தொட்டது தொட்டாச்சு என்று, சாவியை ஒரு தடவை திருப்பினாலே ஸ்டார்ட் ஆக எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று வைத்தார். பிறகு கொதிக்காமல் இருக்க மின்விசிறி. பிறகு பட்டுப் போன்ற கிளட்ச், ஐந்தாவது கியர். மேலே பார்த்தால் அதே பழைய கார். உள்ளே முழுக்கப் புது ஆள்.

அதற்கப்புறம் தினமும் அதில்தான் கிளினிக் போனார். கூரையை மடக்கிவிட்டு, ஏரிக்கரைச் சாலையில் சுற்றிக்கொண்டு போவார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிற மனிதர் கொஞ்சம் தூரத்தைப் பார்த்தது அந்த நேரத்தில்தான். அவருக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது போய்விட்டால் அழுதுவிடுவார்.

"உண்மையச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"ரேடியோ வெச்சவர் கதி உனக்குத் தெரியுமில்ல?"

"அவர் உறுப்பினர். நீங்க மாப்பிள்ளை."

"உறுப்பினரை நீக்கவே அந்த அழுகை அழுதவர். மாப்பிள்ளைன்னா எப்படி அழுவார்னு நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

மாமனார் எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். ஆகவே தரையில் எண்ணெய் வேண்டும். டாக்டர் சமையலறைக்குள் நுழைந்தார், கைக்கு அகப்பட்ட பாட்டிலை எடுத்தார், ஷெட்டுக்குப் போய்க் காருக்கு அடியில் தாராளமாக ஊற்றினார். பிறகு நிம்மதியாகக் கிளினிக் போய்விட்டார்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது ஷெட் முழுக்க எறும்பு.

"ஏங்க, இஞ்சின் ஆயிலுக்கு எறும்பு வருமா?" என்று கேட்டாள் மனைவி. காலி நல்லெண்ணெய் பாட்டில் அவள் கையில் இருந்தது.

சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். எறும்பு போயிற்று. ஆனால் கழுவிய இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று வட்டமாகத் தெரிந்தது. எதையோ ஒளிக்க யாரோ கழுவியிருக்கிறார்கள் என்று குழந்தைகூடச் சொல்லும்.

மறுநாள் விடிந்ததும் டாக்டர் நிஜமான இஞ்சின் ஆயில் வாங்கி வந்தார். இந்த முறை அவசரப்படவில்லை. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சிரிஞ்சில் எண்ணெயை ஏற்றி, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வைத்தார். தொழில் சுத்தம். முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பல் வரிசை மாதிரி இருக்கு."

இருந்தது. மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று. கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் பெரிய சொட்டுகூட இருந்தது. டாக்டர் அதைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு மெக்கானிக்கிடம் ஓடினார்.

வண்டியை மாற்றிக் கொடுத்த அதே மெக்கானிக். வாயாடி. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர், எனக்குத் தெரிஞ்சு நல்லா ஓடுற வண்டிய எடுத்துட்டு வந்து கெடுத்துக் குடுன்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்."

"பழைய கோளாறெல்லாம் திரும்ப வேணும். அவ்வளவுதான்."

"பழைய கோளாறு ஸ்டாக் இல்ல. வேணும்னா புதுக் கோளாறு பண்ணித் தர்றேன்."

"பழைய சாமானை எடுத்துத் திரும்ப மாட்டிடுங்களேன்."

"அதெல்லாம் அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சே. 'என் கண்ணுல படக்கூடாது'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தார். அவருக்கே ஞாபகம் இருந்தது. இப்போது அவர் முன்னால் இருந்தது ஒரே வழி. வண்டி ஆரோக்கியமாகவே இருக்கட்டும், ஆனால் சனிக்கிழமை காலை மட்டும் சாகக் கிடப்பது போல நடிக்க வேண்டும்.

மெக்கானிக்குக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. முதலில் தொழில் தர்மம் அது இது என்று பேசியவர், அரை நாளில் கலைஞராகவே மாறிவிட்டார். டேஷ்போர்டுக்கு அடியில், பக்கத்து சீட்டில் இருப்பவர் விரலுக்கு எட்டும்படி ரகசிய ஸ்விட்ச் ஒன்று வைத்தார். அதை அணைத்தால் இஞ்சின் முனகும், ஸ்டார்ட் ஆகாது. கிளட்ச்சுக்கு அடியில் கடை ஷட்டரிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கைப் பொருத்தினார். ஒழுகலுக்கு டாக்டரே வழி சொன்னார். குளுகோஸ் ஏற்றும் குழாய் ஒன்றை நண்பரின் ஆஸ்பத்திரியில் வாங்கி வந்தார். பாட்டிலில் கறுப்புக் கழிவெண்ணெயை நிரப்பி, பானெட்டுக்குள் தொங்கவிட்டு, குழாயைக் கீழே இறக்கினார்கள். சொட்டின் வேகத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். சொட்டு அழகாக விழுந்தது.

"பேஷன்ட் பிழைச்சுக்குவார்" என்றார் மெக்கானிக்.

வெள்ளிக்கிழமை காலை கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டார் டாக்டர். மரத்துப்போகச் சற்று நேரம் ஆகும். அதற்குள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. அவர் செய்த தவறுகளில் இது பெரியது என்று சொல்ல முடியாது, அடுத்த நாளையும் கணக்கில் எடுத்தால்.

நாற்சந்தியின் நட்டநடுவில் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தார். கார் சொன்னபடி நின்றது. ஸ்விட்சைப் போட்டார். கார் சொன்னபடி கேட்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பானெட்டுக்குள் குழாய் அவிழ்ந்து எண்ணெய் ஆறாக ஓடியது. ஷட்டர் ஸ்பிரிங்கை மிதித்து மிதித்து டாக்டரின் கால் நடுங்கியது.

கடைசியில் அவரைத் தேடிக்கொண்டு வந்தது அந்த நோயாளிதான். கழுத்தில் கட்டிய துண்டோடு, பாதி முகம் தொங்கிப்போய், என்னவோ திட்டிக்கொண்டே வந்தவர், நல்ல மனிதர், கூடச் சேர்ந்து வண்டியைக் கிளினிக் வரைக்கும் தள்ளினார். நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது மரப்பு விட்டுப் போயிருந்தது. அந்தப் பல்லைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

மெக்கானிக் வந்தார், ஸ்விட்சைத் தட்டினார், ஊதினார், ஒயரை இழுத்துப் பார்த்தார். கார் ஸ்டார்ட் ஆயிற்று. பிறகு நின்றது. பிறகு யாரும் தொடாமலே இருமியது.

"இதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது டாக்டர். எப்ப ஸ்டார்ட் ஆகும், எப்ப நிக்கும்னு எனக்கே தெரியல."

டாக்டர் முகம் மலர்ந்தது. "அப்படியே விட்டுடுங்க. இதுதான் ஒரிஜினல்."

சனிக்கிழமை காலை, மாமனார் வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். காலில் புத்தம் புது வெள்ளை கான்வாஸ் ஷூ. பின்னாலேயே இறங்கிய மாமியார் தலையில் ஸ்கார்ஃப் கட்டி, கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். அதிகாரிகள் திடீர்ச் சோதனைக்கு வரும்போது இப்படித்தான் தயாராக வருவார்கள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

ஷெட்டில் கார் நின்றது. கீழே கறுப்பு எண்ணெய் தேங்கியிருந்தது. ஆனால் மாமனார் தரையைப் பார்க்கவில்லை. நேராக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"எதையாவது மாத்தினீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல மாமா."

மாமனார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இப்பல்லாம் ஏதோ எலக்ட்ரானிக் பெட்டி வந்திருக்காமே. சாவியத் திருப்பினா உடனே ஸ்டார்ட் ஆகுமாம்."

தூண்டில் போடுகிறார் என்று டாக்டருக்குப் புரிந்தது. "கேள்விப்பட்டதே இல்ல மாமா."

"கிளட்ச்சுக்குக்கூட என்னவோ பண்றாங்களாம். காலை வெச்சாலே போதுமாம்."

"சேச்சே. அதெல்லாம் வண்டிக்குச் செய்யற துரோகம் மாமா."

"ஆமா" என்றார் மாமனார், குரல் இறங்கி. "துரோகம்தான்."

டாக்டரின் மனைவி கணவனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் கண்ணாலேயே அவளை அடக்கினார்.

மாமனாரின் கை பானெட்டின் மீது போயிற்று. "திறந்து ஒரு பார்வை பாத்துடட்டுமா?"

திறந்தால் குளுகோஸ் பாட்டில் சிரித்துக்கொண்டு தொங்கும். டாக்டருக்கு வியர்த்தது. ஆனால் ஆபத்தில்தான் மூளை வேலை செய்யும் என்பார்கள், செய்தது. குரலில் கொஞ்சம் வருத்தத்தைக் கலந்துகொண்டார்.

"திறங்க மாமா. தாராளமாத் திறங்க. என்மேல நம்பிக்கை இல்லன்னா திறந்துதானே பாக்கணும்."

மாமனார் கையை எடுத்துக்கொண்டார்.

"ஓட்டியாவது பாக்கறேன்" என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டாக்டர் பாய்ந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். மாமியார் பாட்டிலோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

மாமனார் கிளட்ச்சில் கால் வைத்து அழுத்தினார். கிளட்ச் அசையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உடம்பையே பின்னால் சாய்த்து அழுத்தினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. ஷட்டர் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி, அவர் காலைத் தூக்கிப் போட்டது.

"அதே கிளட்ச்" என்றார் மூச்சு வாங்க.

"அதேதான் மாமா. கைவெக்கவே இல்ல."

சாவியைத் திருப்பினார். இஞ்சின் முனகியது. இருமியது. அடங்கியது. மறுபடி திருப்பினார். டாக்டர் ஸ்விட்சைத் தொடவே இல்லை, கார் தானாகவே அடங்கியது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

"குரல்கூட மாறல" என்றார் மாமனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கண் கலங்கியிருந்தது. பழைய காரைப் பழையபடியே கண்ட ஆனந்தம் என்று டாக்டர் எண்ணிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றுகிறோம் என்று ஒரு கணம் உண்மையாகவே வருந்தினார். அந்த ஒரு கணத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமனார் அழுதது ஞாபகம் வந்து, எண்ணத்தை விழுங்கிவிட்டார்.

மாமனார் இறங்கி முன்பக்கம் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துக் குழாய் மறுபடி அவிழ்ந்தது. கறுப்பு எண்ணெய் தரையில் விழுந்து தெறித்து, புது வெள்ளை ஷூ இரண்டிலும் அப்பியது.

அவர் தன் ஷூவையே வெகுநேரம் பார்த்தார். "ஒழுகுது" என்றார்.

"குணம் மாமா."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

பிறகு மாமனார் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். "வாக்குக் குடுத்தேன், காப்பாத்தறேன். வண்டி இனி உங்க பேர்ல. பேர் மாத்தற பேப்பர்ல கையெழுத்துப் போட்டே எடுத்துட்டு வந்திருக்கேன்."

டாக்டருக்கு ஏரிக்கரைச் சாலையே கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கே ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். குழாயை அறுத்து எறிய வேண்டும். நாளைக் காலை கூரையை மடக்கிவிட்டு ஒரு நீண்ட சுற்று.

"ஆனா ஒண்ணு மாப்பிள்ளை" என்றார் மாமனார். "இவ்வளவு சுத்தமாக் காப்பாத்தின வண்டிய இனிமே ரோட்டுல விடறது பாவம். உலகத்துலயே இப்படி ஒரு திருகு மாறாத வண்டி வேற எங்க இருக்கப்போகுது? பேர் உங்களுதாவே இருக்கட்டும். வண்டி சின்ன மாப்பிள்ளையோட கண்ணாடி ரூம்ல இருக்கட்டும். நீங்க எப்ப வேணும்னாலும் போய்ப் பாக்கலாம்."

"மாமா, இதை ஓட்டலாம் மாமா."

"எப்படி ஓட்டுவீங்க? நானே இப்ப உக்காந்து பாத்தேனே."

பல் டாக்டர் வாயைத் திறந்தார். வண்டி நன்றாக ஓடும் என்று சொன்னால் அது எப்படி ஓடும் என்றும் சொல்ல வேண்டும். மனைவி அவர் முழங்கையில் இடித்தாள். சொல்லுங்க என்றுதான் இடித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சகலை விஷயம் கேள்விப்பட்டதும் சொந்தச் செலவில் இழுவை வண்டி அனுப்பினார். காரைத் தொடுவதற்கு வெள்ளைக் கையுறைகளும் அதோடு வந்தன. கொக்கியில் மாட்டி இழுத்தபோது அந்தப் பச்சைக் கார், என்ன நினைத்ததோ, தெருமுனை வரைக்கும் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே போயிற்று. டாக்டர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் தளும்பியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

மாமனார் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமியார் வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். தலையில் கட்டிய ஸ்கார்ஃபை மெதுவாக அவிழ்த்து மடித்தார்.

"அழாதீங்க மாப்பிள்ளை, உங்க மேல தப்பு இல்ல" என்றார். "இன்னிக்கு என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போகணும்னு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து கிளம்பிட்டார், பாவம். சங்கத்துத் தலைவரா இருந்துக்கிட்டு அவரால எதையும் மாத்த முடியாது. சின்னவர் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டார். நீங்கன்னா சொல்பேச்சு கேக்காம எல்லாத்தையும் மாத்திடுவீங்கன்னு நம்பித்தானே வண்டிய உங்ககிட்ட குடுத்தார்."